ஒரே பீப்பாய், இரண்டு விஸ்கி

பர்பன் விஸ்கி ஊறிய பீப்பாயில் மறுபடி பர்பன் ஊற்றக் கூடாது. ‘உள்பக்கம் கரியாக்கப்பட்ட புது ஓக் கலன்’ வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. நான்கைந்து வருடம் விஸ்கியைச் சுமந்த பீப்பாய், காலியான அன்றே பர்பன் தொழிலுக்கு ஆகாததாகிவிடும். அப்படிக் காலியானவற்றில் ஏராளமானவை அட்லாண்டிக்கைத் தாண்டி ஸ்காட்லாந்து போகின்றன. அங்கே ஸ்காட்ச் அதே பீப்பாயில் பத்துப் பன்னிரண்டு வருடம் கிடக்கும். பிறகு காலி செய்து மறுபடி நிரப்புவார்கள், அதற்கப்புறமும் நிரப்புவார்கள். ஷெரி ஒயின் பீப்பாய்களைப் பற்றி விளம்பரங்கள் நிறையப் பேசும். ஆனால் ஸ்காட்லாந்துக் கிடங்குகளில் அடுக்கியிருப்பவற்றில் பெரும்பங்கு பர்பன் இருந்துவிட்டுப் போன பீப்பாய்கள்தான்.

பர்பனையும் ஸ்காட்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைக்க உட்காருபவருக்கு இந்த ஒரு விஷயம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். காபியில் முதல் டிக்காஷனுக்கும், அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கும் இரண்டாம் டிக்காஷனுக்கும் உள்ள வேறுபாடு மாதிரிதான் இது. முதலாவதில் மரத்தின் ருசி முழுக்க இறங்கிவிடும். இரண்டாவதில் மரம் அடங்கிப்போவதால், தானியத்தின் குரல் கேட்க ஆரம்பிக்கும்.

மரத்தின் ருசி என்பது என்ன? பீப்பாய் செய்யும் இடத்தில், மூடி போடாத நிலையில் அதன் அடியிலிருந்து தீயை மேலே பீறிட விடுகிறார்கள். ஒரு நிமிடம்கூட இல்லை. கென்டக்கியின் பஃபலோ ட்ரேஸ் வடிசாலைக்கு 55 விநாடி. அதற்குள் உள்சுவர் வெடித்துச் செதில் செதிலாகிவிடும். தொழிலில் இதற்கு ‘முதலைக் கரி’ என்றே பெயர். கரிக்குப் பின்னால் வெந்து நிற்கும் மரத்தில்தான் சரக்கு இருக்கிறது. ஓக்கில் உள்ள ஹெமிசெல்லுலோஸ் சூட்டில் உடைந்து சர்க்கரைகளாகிக் கேரமல் மணம் தரும். லிக்னின் சிதைந்து வனிலின் பிறக்கும். ஐஸ்கிரீமில் நாம் முகர்கிற அதே வனிலின். அமெரிக்க வெள்ளை ஓக்கில் லாக்டோன்கள் தாராளம் என்பதால் பர்பனில் தேங்காய் வாசனை எட்டிப்பார்க்கும். கரி அடுக்கு, புதுச் சாராயத்தின் கந்தக வாடையை உறிஞ்சிக்கொள்ளும்.

காலி பீப்பாயின் பலகை ஒன்றை அறுத்துப் பார்த்தால், கரிக்குச் சற்று உள்ளே ஒரு சிவப்புக் கோடு ஓடும். சாராயம் மரத்துக்குள் எவ்வளவு தூரம் போய் வந்தது என்பதற்கான தடம் அது. கென்டக்கிக் கோடையில் வெயில் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பல மாடி உயரக் கிடங்கின் மேல்தளம் இன்னும் தகிக்கும். சூட்டில் விரியும் சாராயம் பலகைக்குள் புகுகிறது, குளிர் வந்தால் சுருங்கி வெளியே வருகிறது. வருடா வருடம் நடக்கும் இந்தப் போக்குவரத்தால் பர்பன் சீக்கிரம் முதிர்கிறது. ‘ஸ்ட்ரெயிட்’ என்று போட இரண்டு வருடம் போதும். நல்ல பர்பன்களில் பல, ஆறிலிருந்து பத்து வயதுக்குள் உச்சத்தைத் தொட்டுவிடுகின்றன. அதற்கு மேல் போகப் போகத் துவர்ப்பு தலைதூக்கும். இருபது வயது பர்பனில் எனக்கு மரமே முன்னால் வந்து நிற்கிறது.

பர்பனில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். இனிப்பு அதிலிருந்து வருகிறது. மிச்சத்தில் ரை என்ற தானியம் சேர்ந்தால் மிளகுக் காரம் வரும். அதற்குப் பதில் கோதுமை சேர்த்தால் மிருதுவாகும். மேக்கர்ஸ் மார்க், வெல்லர் இரண்டும் கோதுமைக் கட்சி. நிறம் சேர்க்க அனுமதி கிடையாது. ஸ்காட்சிலோ கேரமல் நிறம் சேர்க்கலாம், சட்டமே இடம் தருகிறது. அதனால் கடையில் அடர்ந்த நிறத்தைப் பார்த்து ‘பழைய சரக்கு’ என்று ஸ்காட்ச் பாட்டிலைத் தூக்கிவிடாதீர்கள்.

ஸ்காட்சில் சிங்கிள் மால்ட் என்றால் முளைகட்டிய பார்லி மட்டும், ஒரே வடிசாலை, செம்பு வாலை. பெரும்பாலும் இரண்டு முறை வடிப்பார்கள். குறைந்தது மூன்று வருடம் ஓக்கில் கிடக்க வேண்டும். பீப்பாய் அடக்கி வாசிப்பதால், நொதிக்கும்போது ஈஸ்ட் உண்டாக்கும் எஸ்டர்கள் ஆப்பிள், பேரிக்காய் மணமாக மேலே வருகின்றன. கிளென்ஃபிடிக் 12-இல் இதைத் துல்லியமாக உணரலாம். ஜானி வாக்கர் ரெட் லேபிள் போன்ற பிளெண்டுகளில் மால்ட்டோடு, தொடர் வடிகலனில் மலிவாக வடித்த தானிய விஸ்கியும் கலந்திருக்கும். விலை குறைவதற்கு முக்கியக் காரணம் அது.

அப்புறம் புகை. ஐலா தீவில் பார்லியை உலர்த்த, சதுப்பு நிலத்தில் வெட்டியெடுக்கும் பீட்டை எரிப்பது பழைய வழக்கம். அந்தப் புகையின் ஃபீனால்கள் தானியத்தில் ஒட்டிக்கொள்கின்றன. லஃப்ராய்க் வடிசாலையின் மால்ட்டில் பத்து லட்சத்துக்கு 40 பங்கு அளவிலும், ஆர்ட்பெக்கில் 55 பங்கு அளவிலும் ஃபீனால் இருக்கும். முதல் முறை முகர்பவர் ‘ஆஸ்பத்திரி வாடை’ என்று முகம் சுளித்தால் அவர் மூக்கில் கோளாறில்லை, கிருமிநாசினியிலும் இதே குடும்பத்து வேதிப்பொருள்கள்தான். வேடிக்கை என்னவென்றால், வயது ஏற ஏற இந்தப் புகை மங்கும். புகைக்காகவே ஐலா விஸ்கி வாங்குபவர் 25 வருடப் பாட்டிலுக்குப் பல மடங்கு பணம் கொடுத்தால், குறைவான புகையைத்தான் வாங்கி வருவார்.

அப்படியானால் விலை எதற்கு ஏறுகிறது? முக்கியமாக ஆவிக்கு. பீப்பாயிலிருந்து வருடந்தோறும் மறையும் பகுதியைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். குளிர்ந்த ஸ்காட்லாந்தில் அது வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம். 200 லிட்டர் ஊற்றினால் 12 வருடத்தில் ஏறக்குறைய 157 லிட்டரும், 25 வருடத்தில் 120 லிட்டரும் மிஞ்சும். கென்டக்கியில் 4 சதவீதம் என்று வைத்தால், 20 வருடத்தில் 90 லிட்டர்கூடத் தேறாது. இத்தனை காலம் கிடங்கு வாடகை, முடங்கிய முதலீடு எல்லாம் சேர்கின்றன. ஆக, வயதான விஸ்கி தயாரிக்க உண்மையிலேயே செலவு அதிகம். ஆனால் செலவு அதிகம் என்பதால் ருசி அதிகம் என்று ஆகிவிடாது.

அதற்கும் மேலே அரிது என்ற காரணத்துக்கான விலை. பேப்பி வான் விங்கிள் என்ற பர்பனுக்காக அமெரிக்காவில் ஆட்கள் குலுக்கலில் பெயர் கொடுத்துக் காத்திருக்கிறார்கள். மறுவிற்பனையில் அறிவித்த விலையைப் போலப் பல மடங்குக்குப் போகிறது. வெல்லரும் அதே பஃபலோ ட்ரேஸ் வடிசாலையில், அதே கோதுமை வகைக் கலவையில் பிறப்பதுதான். வயதும் பீப்பாய்த் தேர்வும்தான் வேறு. 2023 நவம்பரில் லண்டன் சோத்பிஸ் ஏலத்தில் 1926-இல் வடித்த மெக்காலன் ஸ்காட்ச் பாட்டில் ஒன்று 20 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அது குடிப்பதற்கான பொருள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது.

விலை நம் நாக்கையே ஏமாற்றும் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. 2008-இல் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் ஒரே ஒயினை ஒரு தடவை 10 டாலர் என்றும் இன்னொரு தடவை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். விலை அதிகம் என்று சொன்னபோது ருசியும் அதிகம் என்றார்கள் சுவைத்தவர்கள். மூளையில் இன்பத்தோடு தொடர்புடைய பகுதியும் ஸ்கேனில் கூடுதலாக இயங்கியது. பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு நிஜமாகவே அப்படி ருசித்திருக்கிறது.

ஆகவே ஒப்பிட்டுச் சுவைப்பதென்றால் பாட்டிலை மறைத்துத்தான் செய்ய வேண்டும். இன்னொருவர் ஊற்றட்டும், கோப்பைகளில் எண் மட்டும் இருக்கட்டும். கடுமையான சோதனை வேண்டுமென்றால் மூன்று கோப்பை வையுங்கள். இரண்டில் ஒரே விஸ்கி, ஒன்றில் வேறு. தனித்ததைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், அந்த இரண்டு பாட்டில்களின் விலை வித்தியாசம் உங்களைப் பொறுத்தவரை வீண். வாய் குறுகிய துலிப் வடிவக் கோப்பை நல்லது, மணம் மேலே குவியும். மூக்கை உள்ளே நுழைக்காமல், வாயைச் சற்றே திறந்தபடி முகருங்கள். ஆல்கஹால் குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போங்கள். புகை விஸ்கி கடைசியில்தான். அதை முதலில் வைத்தால் பின்னால் வருவதெல்லாம் சாம்பலாக ருசிக்கும்.

சில சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதைக் குற்றமாக நினைக்காதீர்கள். ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் கணினி உருவகத்தில் இதைப் பார்த்தார்கள். புகை மணம் தரும் குவாயகோல், ஆல்கஹால் 45 சதவீதம் வரை உள்ள கலவையில் மேற்பரப்பில் மிதக்கிறது. 59 சதவீதத்தைத் தாண்டினால் ஆல்கஹால் சூழ்ந்து அதை உள்ளே இழுத்துவிடுகிறது. நீர் விட்டால் மணம் மூக்குக்கு வரும். தொழில்முறைக் கலவைஞர்கள் 20 சதவீதம் அளவுக்கு நீர்த்துத்தான் முகர்கிறார்கள். அவர்கள் வேலை பெரும்பாலும் மூக்கோடு முடிந்துவிடுகிறது, விழுங்குவதில்லை. ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னதை நினைவில் வைத்தால், நாமும் அவர்களைப் பின்பற்றலாம்.

என் கட்சி இது. பர்பனில் ‘பாட்டில்டு இன் பாண்ட்’ என்ற எழுத்தைத் தேடுங்கள். 1897-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரே வடிசாலை, ஒரே பருவம், குறைந்தது நான்கு வருடம், சரியாக 50 சதவீத ஆல்கஹால் என்று உத்தரவாதம். இவான் வில்லியம்ஸின் வெள்ளை லேபிள் இந்த வகை. அமெரிக்காவில் 20 டாலர் அளவில் கிடைக்கும் அதை, மூன்று மடங்கு விலைப் பாட்டில்களோடு மறைத்து வைத்தாலும் தலைகுனியாது. ஸ்காட்சில் மலிவுக்கும் நடுத்தரத்துக்கும் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். 10, 12 வயது சிங்கிள் மால்ட்டுக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் நியாயம் உண்டு. 18-க்கு மேல் போவது ஆசைக்கு.

வயது எண்ணை நாட்டுக்கு நாடு ஒப்பிடவும் முடியாது. பெங்களூரின் அம்ருத் வடிசாலையில் வருடத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஆவியாகிறது. 2004-இல் கிளாஸ்கோவிலேயே அறிமுகமான அதன் சிங்கிள் மால்ட் நான்கைந்து வயதிலேயே முதிர்ந்துவிடுகிறது. (நம் நாட்டில் விஸ்கி என்று விற்பவற்றில் பெரும்பாலானவை கரும்பாலை மொலாசஸ் ஆல்கஹாலில் ஆனவை, ஐரோப்பாவில் அவற்றை விஸ்கி என்று விற்க முடியாது.)

இந்தியக் கடைகளில் பர்பன், ஸ்காட்ச் விலையைப் பார்த்துத் தரத்தைக் கணிப்பவர்கள் வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2025 பிப்ரவரியில் பர்பனுக்கான இறக்குமதி வரி 150 சதவீதத்திலிருந்து 100 ஆனது. அதே வருடம் ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தப்படி ஸ்காட்சுக்கான 150 சதவீதம் முதலில் 75 ஆகவும், பத்தாண்டுகளில் 40 ஆகவும் குறைய வேண்டும். மாநில வரி தனி.