கல் இல்லாத ஊரில் பாறைப் பாடம்

திருக்காட்டுப்பள்ளி வயல்களில் எங்கே வெட்டினாலும் வண்டல்தான் கிடைக்கும்; கருங்கல் பாறை அகப்படாது. 1010-இல் கட்டி முடிக்கப்பட்ட தஞ்சைப் பெரிய கோயிலின் கருங்கற்கள்கூட வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவையே. அப்படியானால் இங்கே பாறைகளைப் பற்றிப் படிக்க முடியாதா? முடியும். ஒரு கண்ணாடிப் புட்டி போதும்.

ஆற்று மணலையும் வயல் மண்ணையும் புட்டியில் போட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி, அசையாமல் வையுங்கள். மணல் சில நொடிகளில் அடியில் தங்கிவிடும். அதன்மேல் நுண்மண் படியும். களிமண் துகள்களோ நெடுநேரம் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். துகள் சிறிதாக ஆக, அது நீரில் இறங்கும் வேகமும் குறைகிறது அல்லவா? ஆற்றிலும் இதுவே நடக்கிறது. நீரோட்டம் தளரும் இடத்தில் முதலில் மணல் தங்குகிறது. வண்டல் வயலுக்கும் கடலுக்கும் போய்ச் சேருகிறது.

இந்த அடுக்குகள் மேலுள்ள சுமையால் அழுந்தி, நீரில் கரைந்துள்ள சுண்ணம் போன்ற பொருள்களால் ஒட்டி இறுகினால், அதுவே படிவுப் பாறை. கொள்ளிடத்திற்கு வடக்கே உள்ள அரியலூர்ப் பகுதியில் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்தது. அக்கடலில் உருவான சுண்ணாம்புக்கல்லைத்தான் இன்று சிமெண்ட் ஆலைகள் அரைக்கின்றன. சுருண்ட ஓடுடைய அம்மோனைட் என்னும் கடலுயிரின் தொல்லெச்சங்களும் அங்கே கிடைக்கின்றன.

புட்டியிலுள்ள மணல் எங்கிருந்து வந்தது? உருப்பெருக்கியில் பாருங்கள். கண்ணாடிபோல் மின்னுவது குவார்ட்ஸ். தகடாகப் பளபளப்பது காக்காய்ப்பொன் என்னும் மைக்கா. இவை கிரானைட்டிலும் உள்ள கனிமங்கள். பூமிக்குள் உருகிய குழம்பு குளிர்ந்து இறுகினால் தீப்பாறை ஆகிறது. ஆழத்தில் மெல்லக் குளிர்ந்தால் படிகங்கள் பெரிதாக வளரும், அது கிரானைட். வெளியே வழிந்து விரைவாகக் குளிர்ந்தால் படிகங்கள் மிகச் சிறியவை, அது பசால்ட். எல்லோராக் குகைகள் பசால்ட்டில் குடையப்பட்டவை.

ஏற்கெனவே உள்ள பாறை, பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருகாமலே புதுப் படிகங்கள் பெறுவதும் உண்டு. அது உருமாறிய பாறை. சுண்ணாம்புக்கல் சலவைக்கல் ஆவதும், கிரானைட் வரிவரியான நைஸ் ஆவதும் இப்படித்தான்.

குடகில் பிறக்கும் காவிரி பெரும்பாலும் இத்தகைய பழம்பாறைகள்மீதே ஓடிவருகிறது. வெயிலும் மழையும் அவற்றைச் சிதைக்கும்போது, ஃபெல்ஸ்பார் என்னும் கனிமம் களிமண் ஆகிறது. எளிதில் சிதையாத குவார்ட்ஸ் மணலாக எஞ்சுகிறது. ஆகவே, நம் நெல் விளைவது பொடியான பாறையில்தான்!

ஆனால் பாறை பொடியாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். ஒரு லாரி மணலை அள்ளச் சில நிமிடங்களே ஆகும். 1934-இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையும் ஆறு கொண்டுவரும் வண்டலில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. மணல் குறைந்தால் அதன் இடுக்குகளில் தங்கும் நீரும் குறையும். கரையோரக் கிணறுகளின் நீர்மட்டம் இறங்கும்.

உங்கள் புட்டியில் எந்த அடுக்கு தடிப்பானது? அளவுகோலால் அளந்து, வேறோர் ஊர் மண்ணுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.