வழி தவறினால், முதலில் நில்லுங்கள்!

காட்டில் உயிர்பிழைக்கும் கலை என்றாலே பாராங்கும் தீ மூட்டுவதும்தான் நம் நினைவுக்கு வரும். முதலாம் ஆண்டு முகாமில் குழுவைப் பிரிந்து அரைமணி நேரம் நடந்த நான், முன்பே தாண்டிய அதே சாய்ந்த மரத்தின் முன் வந்து நின்றபோதுதான் முதல் பாடம் வேறு என்று புரிந்தது.

இது ஏன் நேர்கிறது? 2009-இல் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் ஜெர்மனியக் காடொன்றில் சிலரை நேராக நடக்கச் சொன்னார்கள். சூரியன் தெரிந்தபோது ஏறக்குறைய நேராகச் சென்றவர்கள், மேகம் மறைத்தபோது தம்மையறியாமலே வட்டமடித்தார்கள். நம் மழைக்காட்டிலோ இலைக்கூரையே சூரியனை மறைத்துவிடுகிறது.

எனவே நண்பர்களே, வழி தவறினால் நில்லுங்கள். நடக்க நடக்கத் தேடுவோரிடமிருந்து விலகிப் போகக்கூடும். மும்முறை விசில் ஊதி, சற்று நிறுத்தி, மீண்டும் ஊதுங்கள். அது பரவலாக அறியப்பட்ட ஆபத்துக் குறி. கைப்பேசியில் தொடர்பு கிடைத்தால் 999-ஐ அழையுங்கள். நனைந்த உடை இரவில் உடலைக் குளிரச் செய்யும். மழைக்கோட்டும் மாற்றுச் சட்டையும் பையில் இருக்கட்டும். ஓடை நீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன், எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். அன்று நான் அந்த மரத்தடியிலேயே அமர்ந்தேன். நண்பர்களின் குரல் என்னைத் தேடி வந்தது.