தேசிய சராசரியும் தோட்டப் பாடசாலையும்

நாட்டிலுள்ள ஏறத்தாழ பத்தாயிரம் அரச பாடசாலைகளையும் ஒருங்கே சோதித்துப் பார்ப்பது எளிதன்று. ஆகவேதான் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய கல்வி ஆராய்ச்சி மற்றும் மதிப்பீட்டு நிலையம், ஒரு பகுதிப் பாடசாலைகளை மாதிரியாகத் தெரிவு செய்து மாணவரின் கற்றல் அடைவை மதிப்பிட்டு வந்துள்ளது. முறையில் தவறில்லை. தெரிவான மாதிரி யாரைப் பிரதிநிதித்துவப்படுத்துகின்றது என்பதே கேள்வி.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பெருந்தோட்டத் துறையில் வாழ்வோர் மொத்தச் சனத்தொகையில் 4.4 சதவீதத்தினர். இவ்விகிதப்படி நூறு பாடசாலைகளைத் தெரிவு செய்தால் அவற்றுள் நான்கோ ஐந்தோதான் தோட்டப் பாடசாலைகளாக இருக்கும். தேசிய சராசரியைக் கணிக்க அது போதும். கொட்டகலைத் தோட்டப் பிள்ளைகளின் நிலையை அறிய அது போதாது. நான்கில் ஒன்று விதிவிலக்காக அமைந்துவிட்டாலும் முடிவு பிழைத்துவிடும்.

பெறுபேறுகளை மொழிமூல அடிப்படையில் வகுத்துத் தரும்போதும் இச்சிக்கல் தீர்வதில்லை. யாழ்ப்பாணம், காத்தான்குடி, கொட்டகலை ஆகிய மூன்றும் 'தமிழ் மொழிமூலம்' என்ற ஒரே சராசரிக்குள் அடங்கிவிடுகின்றன. ஓரிடத்தின் உயர்வு மற்றோரிடத்தின் தாழ்வை மறைத்துவிடுகின்றது. பாடசாலையை விட்டு இடைவிலகிய பிள்ளையோ எந்த மாதிரியிலும் அகப்படுவதில்லை.

பரிகாரம் புதியதன்று. சிறிய பிரிவிலிருந்து அதன் விகிதத்திற்கு மேலாகப் பாடசாலைகளைத் தெரிவு செய்து, தேசிய சராசரியைக் கணிக்கையில் அவற்றின் நிறையை அதற்கேற்பக் குறைத்துக்கொள்வது புள்ளிவிபரவியலில் வழக்கமான முறையே. ஆசிரியர் நியமனமும் வளப் பங்கீடும் இத்தகைய கணிப்புகளைத் தழுவியே அமைய வேண்டுமெனில், பெருந்தோட்டப் பாடசாலைகளின் பெறுபேறு தனியாகக் கணிக்கப்பட்டுத் தனியாகவே வெளியிடப்படல் வேண்டும்.