நான்கு கிலோ உயிர்

கடலூரிலும் சிதம்பரத்திலும் வீட்டுக்கு வீடு சின்ன நாய்களைப் பார்க்க முடிகிறது. வாசலில் பொமரேனியன், மாடியில் பக். நான்கு கிலோ, ஆறு கிலோ, அதிகம் போனால் எட்டு கிலோ. அவற்றைக் காப்பதில் முதல் கணக்கே இந்த எடைதான். ஒரு கிலோ உடலுக்கு எவ்வளவு நஞ்சு போனது என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது. அறுபது கிலோ மனிதர் தாங்கிக்கொள்ளும் அளவு, நான்கு கிலோ நாய்க்குப் பதினைந்து மடங்காக இறங்குகிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தக் கணக்கு கொடூரமாகிவிடும். வெள்ளாறும் கொள்ளிடமும் பெருகி வயலில் தண்ணீர் நின்றால் எலி மேட்டுக்கு ஏறும். எலியைத் தேடிப் பாம்பும் வரும். அந்த மேடு பல நேரம் நம் வீட்டுக் கொல்லைதான். விறகு அடுக்கும் காய்ந்த தென்னை மட்டைக் குவியலும் பாம்பு பதுங்கப் போதும். நாய் மோப்பம் பிடிக்க மூக்கை நீட்டும். ஆகவே கடி பெரும்பாலும் முகத்திலோ முன்னங்காலிலோ விழுகிறது. கண்ணாடி விரியனின் நஞ்சு ரத்தம் உறைவதைக் குலைக்கும். நல்ல பாம்பின் நஞ்சு மூச்சை நிறுத்தும்.

மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பாம்பு நஞ்சு எடுத்துத் தருகிறது. அந்த நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து முறிமருந்து தயாரிக்கிறார்கள். மனிதருக்குப் போடும் அதே மருந்துதான் நாய்க்கும். மற்ற மருந்துகளை எடை பார்த்து அளப்பார்கள். இதை அப்படி அளக்க முடியாது. உள்ளே இறங்கிய நஞ்சு முழுவதையும் முறித்தாக வேண்டும். நான்கு கிலோ பொமரேனியனுக்கும் முப்பது கிலோ ராஜபாளையத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவு மருந்து தேவைப்படலாம். கயிற்றால் கட்டுவதும், கீறிவிடுவதும், மிளகைத் தின்னக் கொடுத்துப் பார்ப்பதும் நேரத்தைத்தான் தின்னும். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

கொல்லையை விட அடுக்களையில் நாம் அசட்டையாக இருக்கிறோம். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது தெரிந்திருந்தும், ஏன் என்பது வெகுகாலம் புதிராக இருந்தது. அமெரிக்காவில் விலங்கு நச்சுத் தகவல் மையமொன்றின் கால்நடை மருத்துவர்கள் 2021இல் டார்டாரிக் அமிலத்தைச் சுட்டினார்கள். மறு ஆண்டே, புளியைத் தின்ற நாய்களுக்கும் அதே சிறுநீரகப் பாதிப்பு வந்ததைப் பதிவு செய்தார்கள். நம் புளியின் புளிப்பே பெரும்பாலும் இந்த அமிலம்தான்! ஒரு வாய் சாம்பார் சாதம் விழுந்துவிட்டதென்று பதறத் தேவையில்லை. ஆனால் புளி உருண்டையும் கரைத்து வைத்த புளியும் நாய்க்கு எட்டக் கூடாது. வெங்காயமும் அப்படியே. நாயின் எடையில் இருநூற்றில் ஒரு பங்கு உள்ளே போனாலே சிவப்பணுக்கள் சிதையத் தொடங்கலாம். நான்கு கிலோ நாய்க்கு அது 20 கிராம், அதாவது இரண்டு மூன்று சின்ன வெங்காயம். வேகவைத்தாலும் அந்த நச்சு போகாது.

பூஜைக்கென்று வளர்க்கும் அரளியும் மஞ்சள் அரளியும் இதயத் துடிப்பைக் குலைப்பவை. வெட்டிய கிளையை நாய் கடித்து விளையாட விடாதீர்கள். மழை இரவில் தேரையைக் கவ்வி நுரை தள்ளினால், தலையைத் தாழ்த்திப் பிடித்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் வாயைக் கழுவுங்கள்.

எலி மருந்து ஏமாற்றும். ரத்தம் உறையவிடாத வகை எலி மருந்தைத் தின்ற நாய் ஓரிரு நாள் நன்றாகவே ஓடியாடும். மூன்றாம், நான்காம் நாளில்தான் உள்ளே கசிவு தெரியும். அதற்கு வைட்டமின் கே1 என்ற முறிமருந்து உண்டு. வயல்களில் வைக்கும் துத்தநாக பாஸ்பைடு வயிற்று அமிலம் பட்டதும் நச்சு வாயுவாக மாறும். அதற்கு முறிமருந்தே கிடையாது. எந்த மருந்து என்று மருத்துவருக்குத் தெரிந்தால்தான் சிகிச்சை சரியாக அமையும். உறையையும் கையோடு கொண்டுபோங்கள்.

மழை தொடங்கும் முன் உங்கள் நாயை எடை போட்டு எழுதி வையுங்கள். பாம்புக்கடி முறிமருந்து எந்தக் கால்நடை மருத்துவமனையில் இருப்பில் உள்ளது என்று இன்றே கேட்டுவிடுங்கள். கடலூர்க்காரர்களுக்குப் புதுச்சேரி குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிதம்பரத்திலிருந்து அது தொலைவு. சிதம்பரத்தில் இருப்பவர்கள் பக்கத்து மருத்துவரின் எண்ணை அடுக்களைச் சுவரிலேயே ஒட்டி வையுங்கள்.