வலியை மறக்கடிக்கும் பனி உலகம்



"எப்பப் பார்த்தாலும் கேம்! படிப்பு என்னத்துக்கு ஆகும்?" இந்தத் திட்டை வாங்காதவங்க நம்ம பள்ளியில் யாராவது உண்டா? ஆனால் நோயாளியைக் கூப்பிட்டு "விளையாடு" என்று சொல்கிற ஆஸ்பத்திரியும் உண்டு. ஏன் தெரியுமா?

தீக்காயத்தின் கொடுமை

தீக்காயம், பட்ட அன்றைக்கு மட்டும் வலிப்பதில்லை. அடிக்கடி பழைய கட்டைப் பிரித்து, காயத்தைக் கழுவி, புதுக் கட்டு போட வேண்டும். இல்லாவிட்டால் சீழ் பிடித்துவிடும். தோல் இறுகி கை, கால் மடங்கிப் போகாமல் இருக்க நீட்டி மடக்கும் பயிற்சியும் உண்டு. வலுவான வலி மருந்து கொடுத்தும் அந்த நேரத்தில் பலரால் தாங்க முடியாது.

பனிப்பந்து வைத்தியம்

அமெரிக்காவில் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், 1996-ல் ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் ஒரு வழி கண்டார்கள். நோயாளியின் தலையில் ஹெல்மெட் மாதிரி ஒரு கருவியை மாட்டினார்கள். கண்ணுக்கு நேரே திரை. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். இதுதான் விர்ச்சுவல் ரியாலிட்டி, தமிழில் மெய்நிகர் உலகம்.

பிறகு தீக்காய நோயாளிகளுக்கென்றே 'ஸ்னோ வேர்ல்டு' என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். பனிமலை இடுக்கில் மிதந்துகொண்டே போகலாம். எதிரே வரும் பனிமனிதன், பென்குயின் மேலெல்லாம் பனிப்பந்து வீசலாம். நெருப்பில் வெந்தவருக்கு எங்கே பார்த்தாலும் பனி!

வலி எப்படிக் குறைகிறது?

நம் கவனத்துக்கு ஒரு அளவு உண்டு. வலியை உணரவும் கவனம் வேண்டும். கபடி ஆடும்போது முட்டி சிராய்த்தது தெரியாது. ஆட்டம் முடிஞ்சு உட்கார்ந்த பிறகுதான் 'சுரீர்' என்கும். அதே கதைதான் இங்கேயும்.

அப்படியானால் சாதாரண வீடியோ கேமே போதுமே என்று கேட்கலாம். அதையும் சோதித்திருக்கிறார்கள். 2000-ல் வெளிவந்த ஆய்வில் 16, 17 வயதுள்ள இருவர். காயத்துக்கு மருந்திடும்போது கொஞ்ச நேரம் நின்டெண்டோ கேம், கொஞ்ச நேரம் மெய்நிகர் உலகம். (அப்போது பயன்பட்டது, சிலந்தியைக் கண்டு பயப்படுகிறவர்களுக்காகச் செய்த இன்னொரு மெய்நிகர் உலகம்!) மெய்நிகர் உலகில் இருந்தபோதுதான் வலி குறைவாக இருந்தது என்று இருவருமே சொன்னார்கள். டி.வி. திரை என்றால் பக்கத்தில் நர்ஸும் கத்தரிக்கோலும் தெரியும். ஹெல்மெட்டுக்குள் அதெல்லாம் தெரியாது.

"சும்மா சொல்லியிருப்பாங்க" என்று நினைக்க வேண்டாம். 2004-ல், காயமில்லாத சிலரின் பாதத்தில் சூடு வைத்து, மூளையை ஸ்கேன் செய்தார்கள். விளையாடும்போது, வலியோடு தொடர்புள்ள 5 பகுதிகளில் மூளையின் வேலை குறைந்திருந்தது!

ஒன்றை மறக்கக் கூடாது

விளையாட்டு காயத்தை ஆற்றாது. வலி மருந்துக்குப் பதிலாகவும் இதைத் தருவதில்லை, மருந்தோடு சேர்த்துத்தான் தருகிறார்கள். சிலருக்குத் தலைசுற்றலும் வரலாம்.

ஆக, கேம் நல்லதா கெட்டதா? அது நம் கவனத்தை முழுசாகப் பிடித்துக்கொள்ளும். பரீட்சைக்கு முதல் நாள் அது நஷ்டம். கட்டுப் பிரிக்கிற நேரத்தில் அதுவே பெரிய உதவி.

ஹெல்மெட் இல்லாவிட்டாலும் நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. அடிபட்டுப் படுத்திருக்கும் நண்பனைப் பார்க்கப் போனால், "ரொம்ப வலிக்குதாடா?" என்றே கேட்டுக்கொண்டிருக்காமல், அவன் வாய்விட்டுச் சிரிக்கிற மாதிரி நாலு கதை பேசுங்கள்!