ஆளுமை: வகையும் பண்பும்

"இன்னார் முன்கோபி, இன்னார் சாது" என்று மக்களைத் தரம்பிரித்துப் பேசும் வழக்கம் எங்கும் உண்டு. இவ்வழக்கினுள்ளே இருவேறு கருத்துக்கள் மறைந்து கிடக்கின்றன. மனிதர் சில இனங்களாகப் பிரிந்துள்ளனர், ஒவ்வொருவரும் அவற்றுள் ஒன்றைச் சேர்ந்தவர் என்பது ஒன்று. கோபம் முதலாய இயல்புகள் எல்லாரிடத்தும் உள, அளவில் மட்டுமே வேறுபாடு என்பது மற்றொன்று. முன்னதை வகைக் கொள்கை எனவும் பின்னதைப் பண்புக் கொள்கை எனவும் உளநூலார் வழங்குவர்.

வகைக் கொள்கையே மூத்தது. இரத்தம், சளி, மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என உடலில் நான்கு நீர்மங்கள் உள்ளன என்றும், அவற்றுள் மிகுந்து நிற்பதற்கேற்ப மனப்பாங்கு அமையும் என்றும் கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான கலென் வழிவந்த மருத்துவ மரபு கருதியது. நாடி பார்த்து, "இவர் பித்த தேகி" எனக் கூறும் தமிழ் வைத்தியருக்கு இது புதுமையாகத் தோன்றாது.

1921இல் சேர்மனிய மனநோய் மருத்துவர் கிறெச்மர் உடலமைப்பையும் குணத்தையும் இணைத்து ஒரு நூல் வெளியிட்டார். பருத்துத் திரண்டோர், மெலிந்தோர், தசைக்கட்டுடையோர் என அவர் மூவகையினரைக் கண்டார். களிப்பும் சோர்வும் மாறிமாறி வரும் நோயாளருட் பலர் பருத்தவராகவும், உளப்பிளவு நோயாளருட் பலர் மெலிந்தவராகவும் இருந்தனர். இதே தொடர்பு நலமுள்ளோரிடத்தும் உண்டு என்பது அவர் துணிபு. ஆனால் ஓர் எளிய செய்தியைப் பின்வந்தோர் சுட்டிக்காட்டினர். உளப்பிளவு நோய் பெரும்பாலும் இளமையில் தொடங்குவது. மற்றையது சற்று முதிர்ந்தோரிடம் மிகுதி. வயது ஏற உடல் பருப்பது இயல்பன்றோ? அமெரிக்கரான ஷெல்டன் 1940, 1942ஆம் ஆண்டு நூல்களில் எவரையும் ஒரே வகையுள் அடைக்காது, மூன்று உடற்கூறுகளுக்கும் 1 முதல் 7 வரை புள்ளியிட்டார். இது முன்னேற்றமே. எனினும் உடலுக்கும் குணத்துக்கும் புள்ளியிட்டவர் அவரே ஆதலின், எதிர்பார்த்ததையே அவர் கண்டார் என்னும் ஐயம் நீங்கவில்லை.

அதே 1921இல் சுவிற்சலாந்து அறிஞர் யுங் அகமுகர், புறமுகர் என்னும் பெயர்களைப் பரப்பினார். ஆயினும் பெருந்தொகையினரை அளவைகளாற் சோதித்தபோது இரண்டு குவியல்கள் தோன்றவில்லை. உயரத்தை அளந்தாற்போல, நடுவிற் பெரும்பாலாரும் ஓரங்களிற் சிலருமே நின்றனர். நடுக்கோட்டுக்கு இப்புறம் ஒரு புள்ளியும் அப்புறம் ஒரு புள்ளியும் பெற்ற இருவர், ஏறக்குறைய ஒத்தவராயினும், வகைப் பெயரால் எதிர் இனத்தவராகிவிடுவர். மறுமுறை சோதிக்கும்போது அவர்கள் இனம் மாறிவிடுதலும் உண்டு. யுங்கின் கருத்தைத் தழுவி எழுந்து, இன்றும் அலுவலகங்களில் வழங்கும் 16 வகைச் சோதனையும் இக்குறைக்கு விலக்கன்று.

பண்புக் கொள்கையினரோ அகராதியிலிருந்து தொடங்கினர். மனிதர்க்கு முதன்மையாகத் தோன்றும் குணவேறுபாடு எதற்கும் மொழியில் ஒரு சொல் பிறந்திருக்கும் என்பது அவர்கள் துணிபு. 1936இல் ஒல்போட், ஒட்பேட் என்னும் இருவர் ஓர் ஆங்கிலப் பேரகராதியைத் துருவி 17,953 சொற்களைத் திரட்டினர். அவற்றுள் நிலையான பண்பைக் குறிப்பன ஏறத்தாழ 4,500. கற்றெல் என்பார் இவற்றைக் கணிதமுறையாற் சுருக்கி, 16 பண்புகளை அளக்கும் வினாத்தாளை 1949இல் வெளியிட்டார். பின்வந்தோர் ஐந்தே போதும் என்றனர்: புறமுகம், இணக்கம், பொறுப்புணர்வு, உணர்ச்சித் தளம்பல், புதுமைக்கு மனந்திறத்தல். இங்கிலாந்தில் ஐசங் இரண்டு அச்சுக்களைக் குறுக்கே வரைந்தார்; பிறந்த நான்கு கால்களும் பழைய கிரேக்கரின் நான்கு மனப்பாங்குகளை ஒத்திருந்தன. வாயில்வழி வெளியேறிய வகை சாளரவழி மீண்டது போலும்! ஒல்போட்டுக்கோ தொகைக்கணக்கு மட்டும் நிறைவளிக்கவில்லை. ஒரு பெண்மணியின் கடிதங்களைக் கொண்டே அவளை ஆராய்ந்து 1965இல் ஒரு நூல் செய்தார்.

பண்பு என்ற ஒன்று உண்மையில் உண்டா என்னும் வினா இதனினும் கடுமையானது. 1928இல் வெளிவந்த ஆய்வொன்றில் ஹாட்சோண், மே என்போர் ஐக்கிய அமெரிக்காவில் 10,000க்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஏமாற்ற வாய்ப்பளித்தனர். தம் விடைத்தாளைத் தாமே திருத்துதல், விளையாட்டிற் பெற்ற புள்ளியைத் தாமே பதிதல், கையிற் கிடைத்த நாணயத்தைத் திருப்பி வைத்தல் எனச் சந்தர்ப்பங்கள் பலவாயின. விடையை மாற்றிய பிள்ளை நாணயத்தைத் தொடாதிருந்ததும் உண்டு. மறுதலையாக நடந்ததும் உண்டு. அங்ஙனமாயின், ஒரு பரீட்சையிற் பார்த்தெழுதிய சிறுவனுக்குக் கள்ளன் எனப் பெயர்சூட்டும் ஆசிரியர், ஒருநாட் செயலைக்கொண்டு அவனுக்கு ஆயுள் முழுமைக்கும் வகை வகுத்துவிடுகின்றார். 1968இல் மிஷெல் என்பார் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, முழு ஒற்றுமையை 1 என வைத்தால், வினாத்தாட் பண்புக்கும் கண்முன் நிகழும் நடத்தைக்கும் உள்ள இணைவு 0.3ஐப் பெரும்பாலும் தாண்டுவதில்லை என்றார்.

எனினும் வழக்கு அத்தோடு தீரவில்லை. நேர்மைபற்றிய அப்பழைய தரவுகளை 1963இல் மீள ஆராய்ந்த பேட்டன், அவற்றூடே மெல்லிய பொதுவிழை ஒன்று ஓடுவதைக் கண்டிருந்தார். தனிச் செயலை நோக்காது பல நாட் செயல்களின் சராசரியை நோக்கினால் ஒருவரின் நடத்தை பெரிதும் நிலைத்து நிற்கும் என 1979இல் எப்ஸ்டைன் காட்டினார். 2001இல் பிளீசன் ஒருவரையே நாளுக்குப் பலமுறை குறிப்பெழுதச் செய்தார். காலையிற் பேசாதிருந்தவர் மாலையிற் கலகலப்பாயிருந்தார். ஆனால் ஒரு காலப்பகுதியின் சராசரி மற்றதன் சராசரியோடு மிக நெருங்கியே நின்றது.