அட்டை இருக்கின்றது; பெயர் இருக்கின்றதா?

வாக்காளர் அட்டை பெட்டியில் பத்திரமாக இருக்கின்றதெனத் தாங்கள் வாளாவிருந்துவிடலாகாது. வாக்குரிமையைத் தருவது அட்டையன்று; பட்டியலிலுள்ள பெயரே. அட்டையில்லாதவர் ஆதார், பாஸ்போர்ட் முதலியவற்றுள் ஒன்றைக் காட்டி வாக்களிக்கலாம். பெயரில்லாதவர்க்கோ எந்த ஆவணமும் உதவாது.

2025 நவம்பர் 4ஆம் நாள் தமிழகத்தில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கிற்று. டிசம்பர் 19இல் வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. ஏறத்தாழ 27 லட்சம் பேர் இறந்தோர். அவர்களை நீக்கியது முறையே. ஆனால், 66 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தோர் அல்லது முகவரியில் காணப்படாதோர் என்றனர்.

ஐயப்பன்தாங்கலை எண்ணிப் பாருங்கள். வாடகை வீடுகள் மலிந்த புறநகர். பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் அடுத்த தெருவுக்குக் குடிபோகும் குடும்பங்கள் எத்தனை! அலுவலர் கதவைத் தட்டும் வேளையில் கணவர் வேலைக்கும், மனைவி பிள்ளையை அழைத்துவரப் பள்ளிக்கும் சென்றிருப்பின், அவர்கள் ஊரிலேயே இல்லாதவர் ஆவரோ?

நம் பெயர்களுக்கோ தனி இடர். 2002, 2005ஆம் ஆண்டுகளின் பழைய பட்டியலில் தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ காட்டுமாறு படிவம் கேட்டது. தந்தையார் ‘முஹம்மது’ என எழுதுவார், பழைய பட்டியல் ‘முகமது’ எனும், அட்டையிலோ ‘மொகமத்’. மூவரும் ஒருவரே என மெய்ப்பிக்கும் சுமை ஏழையின் தலையில் அன்றோ விழும்!

பீகாரில் சுமார் 65 லட்சம் பெயர்கள் விடுபட்டபோது, காரணத்துடன் அவற்றை வெளியிடுமாறு 2025 ஆகஸ்ட் 14இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. காரணம் தெரிந்தாலன்றோ முறையிட இயலும்?

பெயர் விடுபட்டோர் 6ஆம் படிவமும், வீடு மாறியோர் 8ஆம் படிவமும் அளித்தல் வேண்டும். வேட்புமனுவின் இறுதிநாள் கடந்துவிட்டால், அத்தேர்தலுக்குப் பெயர் சேர்க்கப்படமாட்டாது.